பாலத்தடிப் பூங்காவின் புல்லும் என் நாக்கும்

யூலை 7, திங்கள்

நான் முன்பே சொன்னேன். எல்லாவற்றையும். புல் பழுக்கும் என்று சொன்னேன். பழுத்தால் சபைக் கந்தோரில் ஆளை ஆள் காட்டுவார்கள் என்று சொன்னேன். கடைசியில் என்னைத் தேடித்தான் வருவார்கள் என்றும் சொன்னேன். மூன்றும் நடந்துவிட்டன. யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் பெயர் நினைவில்லை. சொன்னது நினைவிருக்கிறது.

கச்சான் காற்று. விடியவே மணல் பறக்கிறது. ஆறு வற்றி நடுவில் திட்டு தெரிகிறது. திட்டில் ஒரு முதலை, பத்து அடி. என்னைக் கண்டதும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

பூங்கா பிரதேச சபையுடையது என்று பலகை சொல்லும். ஊர் அதை ‘சூசை மாமாவின் பூங்கா’ என்று சொல்லும். (சூசை நான்தான். ஊர் என்றால் எதிர்க் கடை ஹனீபாவின் பேரப்பிள்ளைகள் இரண்டும், நானும்.) அருவியாற்றின் கரை, பாலத்துக்குக் கீழ்ப்பக்கம். ஊஞ்சல், சறுக்கு, சீமெந்து வாங்கில், மருதமர நிழல். போன மாத நடுவில் கொந்தராத்து எடுத்தவர் மணல் பரப்பிவிட்டுப் போக, லொறியில் புல் வந்தது, மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டி. பூங்காவைப் பார்க்கிற நானும் என்னோடு கூலிக்கு நிற்கிற தெய்வானையும் முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பதித்தோம். பாய் விரித்தது போல. ஆவணித் திருவிழாவுக்குப் போகிற சனம் இறங்கி இளைப்பாறும், அதற்கு முன் திறப்பு விழா என்று திட்டம். இப்போது பாயில் கொள்ளி விழுந்தது போல் மஞ்சள் மஞ்சளாக.

ரி.ஓ. தம்பி வந்தார். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை, தொப்பி போடாமல் வெயிலில் நின்று சிவந்து போவார்.

“ஆர் பம்ப் போட்டது?”

“நான்தான் சேர்” என்றாள் தெய்வானை.

“உப்புத் தண்ணியை இறைச்சிருக்கிறீங்கள். பாருங்கோ, புல்லெல்லாம் அவிஞ்சு கிடக்கு.”

“மாமா நல்ல தண்ணின்னு சொன்னாரு. அப்புறந்தான் போட்டேன்.”

“மாமா சொன்னாரோ, காத்து சொல்லிச்சோ. பம்ப் உங்கட பொறுப்பு.”

நான் இடையில் விழுந்தேன். “தம்பி, நான் சொன்னால் அது சொன்னதுதான்.”

விஷயம் இதுதான். இங்கே ஆறு கடலுக்குக் கிட்ட. கடல் ஏறினால் ஆற்றுக்குள் உப்பு வரும், இறங்கினால் நன்னீர். எப்போது இறைக்கலாம் என்று நான் நாக்கில் ஒரு சொட்டு வைத்துச் சொல்வேன். தெய்வானை பம்பைப் போடுவாள். உப்புப் பார்க்கிற கருவி ஒன்று இருந்தது. பழுதாகிக் கொழும்புக்குத் திருத்தப் போனது. போனதுதான்.

போன கிழமை முழுக்க நான் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சொன்னேன். இளநீர் போல் இருந்தது தண்ணீர். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் நாக்கு சாதாரண நாக்கு இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நாக்கு விடவில்லை. சின்ன வயதில் கண்ணைக் கட்டிவிட்டு எங்கள் ஊர் நறுவிலிக்குளத்துக் கிணறுகள் எல்லாவற்றின் தண்ணீரும் தந்தார்கள். அத்தனை கிணற்றுக்கும் சொந்தக்காரரின் பெயர் சொன்னேன். கொழும்பிலிருந்து வந்த பெரிய எஞ்சினியர் ஒருவர் என் நாக்கைப் படம் எடுத்தார். (எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று யோசித்தார். முகத்தில் தெரிந்தது.)

மாலை, பாரை மீன் குழம்பு. என் மனைவி பிலோமினா வழக்கம்போல், “உப்புக் காணுமோ?” நான் வழக்கம்போல், “போதும், அளவு.”

யூலை 8, செவ்வாய்

காற்று அப்படியே. தொப்பி ஆற்றுக்குள் போய்விட்டது. நல்ல தொப்பி.

செய்தது: மருதமரச் சருகு கூட்டினேன். ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய். செவ்வரத்தைச் செடிக்குப் பாத்தி. வாங்கிலில் யாரோ கரியால் எழுதிய காதலை அழித்தேன். பாதிதான் அழிந்தது, பையனின் பெயர் போய்விட்டது, பெண்ணின் பெயர் நிற்கிறது.

வாங்க வேண்டியது: மண்வெட்டிப் பிடி, ஹோஸ் பைப்புக்குக் கிளிப், தொப்பி.

ஹனீபாவின் ஆடுகள் வாசலில் பரப்பி மிஞ்சிக் கிடக்கிற மணல் கும்பியை நக்குகின்றன. மூளையில்லாத ஆடுகள். ஹனீபா சிலாவத்துறைக்காரன், என் வயது. பூங்கா வாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. என்னைக் குறை சொல்லாத நாள் அவனுக்கு நோன்பு நாள் மட்டும்.

“ஏன் சூசை, பத்தடி முதலையாமே திட்டில?”

“ஓம்.”

“அது மரக்கட்டை. மாரியில அள்ளி வந்தது. ரெண்டு வருசமாக் கிடக்குது.”

கட்டைக்குப் பின்னால் இருந்தது முதலை. அவனுக்குக் கண் தெளிவில்லை.

தெய்வானை தேத்தண்ணி கொண்டு வந்தாள். குடித்துவிட்டு, “தேன் மாதிரி இருக்குப் பிள்ளை” என்றேன். எப்போதும் சொல்வதுதான். எப்போதும் போல் சிரித்துக்கொண்டு குனிந்தாள். ஆனால் இன்று கண் சிவந்திருந்தது.

அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து இடம் மாறி வந்தவர்கள். வெள்ளாங்குளத்தில் வளர்ந்து இங்கே கலியாணம் கட்டி வந்தாள். கட்டியவன் விட்டுப் போய்விட்டான். மகள் பத்தாம் வகுப்பு. இத்தனை காலம் நாட்கூலி. வேலை இல்லாத நாளில் அடுப்பும் இல்லை. இந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்கச் சபையில் சிபாரிசு போகிறது. போகிற நேரம் பார்த்து இந்தப் புல்.

பின்னேரம் ரி.ஓ. தம்பி வந்து சொன்னார். வியாழன் காலை இரண்டு பேரையும் சபைச் செயலாளர் அம்மா கூப்பிட்டிருக்கிறாராம்.

“எங்களை ஏன் தம்பி?”

“உங்களை இல்லை மாமா, அவவைத்தான். நீங்கள் சாட்சி.”

சாட்சி! நான்!

யூலை 9, புதன்

புல்லின் மஞ்சள் சறுக்கு வரை வந்துவிட்டது. கையால் இழுத்தால் தலைமயிர் போல் வருகிறது.

தெய்வானை வாடின புல்லுக்குப் பக்கத்தில் குந்தி, களை பிடுங்குகிற மாதிரி இருந்தாள். அங்கே களை இல்லை, அதுவும் செத்துவிட்டது.

“பயப்படாத பிள்ளை. நாளைக்கு என்ர வாயைத் திறந்தன் எண்டால் கந்தோர் சரி.”

“அதுதான் மாமா பயமா இருக்கு” என்றாள்.

பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன பகிடி என்று எனக்கு விளங்கவில்லை.

நாளைக்குச் சட்டை மடித்து வைத்தாயிற்று. வெள்ளை. பிலோமினா, “கலியாணத்துக்கே போறியள்?” என்றாள்.

யூலை 10, வியாழன்

வெற்றி! முதலிலிருந்து எழுதுகிறேன்.

கந்தோர். மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறது, அது செயலாளர் அம்மாவின் பக்கம். எனக்குக் கதிரை தந்தார்கள். தெய்வானைக்குத் தரவில்லை, நான் எழுந்துவிட்டேன். (எழும்பப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை.)

செயலாளர் அம்மா கோபப்படாத மனுசி. அதுதான் பயம். “சூசை, நீங்கள் நாக்கில வைச்சுப் பார்த்துச் சொன்னீங்கள். அவ பம்ப் போட்டா. சரிதானே?”

“ஓம் அம்மா.”

“உங்கட நாக்குச் சரியெண்டால் அவவில பிழை இல்லை. பிழையெண்டால், தண்ணி பார்க்கத் தெரியாத இடத்தில ஒராளை நான் நிரந்தரமாப் போட ஏலாது. உங்கட நாக்கை நான் எப்படி நம்புறது?”

ரி.ஓ. தம்பிக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. “சோதிச்சுப் பார்ப்பம் மிஸ். மூண்டு கிளாஸ். ஒண்டில மட்டும் கொஞ்சம் கடல் தண்ணி.”

தம்பி கடற்கரைக்குப் போய் ஒரு போத்தல் அள்ளி வருவதற்குள் கந்தோர் முழுக்கக் கூடிவிட்டது. வரி கட்ட வந்தவர்கள், சாரதி, செத்த வீட்டுக்குப் பந்தல் கேட்டு வந்த இரண்டு பேர். தம்பி பின் அறையில் போத்தலால் ஊற்றினார், கூட நின்ற தெய்வானை தட்டில் வைத்துக் கொண்டு வந்தாள். பாவம், ஒரு கிளாஸ் விழாமல் விளிம்பைப் பெருவிரலால் பிடித்திருந்தாள்.

நான் அவசரப்படவில்லை. மூன்றையும் முகர்ந்தேன். கண்ணை மூடினேன். ஒவ்வொன்றாக நாக்கில். சனம் மூச்சு விடவில்லை.

“இடப்பக்கம்” என்றேன். “கடல் இருக்கிறது இதிலை. அதுவும் கரையோரக் கடல் இல்லை, கொஞ்சம் உள்ளுக்கு.”

சரி! (கரையோரத்தில்தான் அள்ளினதாம் தம்பி. காற்சட்டை நனைகிற தூரமும் அவருக்குக் கரைதான்.)

“குருட்டு வாக்கு” என்றார் தம்பி. “இன்னொருக்கால்.”

மறுபடி தட்டு வந்தது. மறுபடி முகர்ந்து, மூடி, வைத்து. எல்லோரும் என் வாயைப் பார்க்க, நான் தட்டையே பார்த்தேன். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

“தம்பி, சூசையை ஏமாத்தப் பாக்கிறியள். ஒண்டிலயும் கடல் இல்லை.”

தம்பியின் முகம்! ஒன்றிலும் கலக்கவில்லைதான். பந்தல்காரர் கை தட்டினார்கள். செத்த வீட்டை மறந்துவிட்டார்கள் போல.

செயலாளர் அம்மா பேனையை மூடினார். “சரி. தண்ணியில பிழை இல்லை. அப்ப புல்லு ஏன் செத்தது?”

“கச்சான் அம்மா. காத்தில உப்பு வருது. நான் முன்னமே சொன்னனான்.”

“இருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் நான் அந்தச் சிபாரிசில கையெழுத்து வைக்க மாட்டன். அடுத்த கிழமை வெள்ளிக்குள்ள எனக்குக் காரணம் வேணும்.”

வரும் வழியில் தெய்வானை பாலத்தில் நின்று முகத்தை முந்தானையால் துடைத்தாள். எனக்கு நன்றி சொல்ல அவளுக்கு வெட்கம்.

யூலை 11, வெள்ளி

ஹனீபா பள்ளிவாசலுக்குப் போகக் கடையைச் சாத்திக்கொண்டு நின்றான். என் வெற்றியைச் சொன்னேன். பந்தல்காரர்கள் என்னைத் தோளில் தூக்கியதையும் சேர்த்து.

“உன்னைத் தூக்கினா பந்தல் அவங்களுக்குத்தான் தேவைப்பட்டிருக்கும்” என்றான். “சரி, தண்ணி நல்லது. அப்ப என்னத்துக்குப் புல்லு சாகுது?”

“கச்சான்.”

“கச்சான் உன்ர பூங்காவுக்கு மட்டுமா அடிக்குது? என்ர முருங்கை பச்சையா நிக்குதே.”

நான் பேச்சை மாற்றினேன். “முதல்ல உன்ர ஆட்டைக் கட்டு. மணலைத் தின்னுது.”

“எங்க திங்குது, நக்குது. புண்ணாக்கு வைச்சாலும் விட்டுட்டு அங்கதான் ஓடுது. அதுட நாக்குக்கு அதில என்னவோ ருசி இருக்கு. உன்ர நாக்கைத்தான் சபையில பரீட்சை வைச்சாங்க. என்ர ஆட்டையும் கூட்டிப் போயிருக்கலாம்.”

சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

நான் அங்கேயே நின்றேன். ஆடு ஏன் மணலை நக்கும்?

குனிந்து ஒரு பிடி அள்ளினேன். வெள்ளை மணல், மாவு மாதிரி. அருவியாற்று மணல் இப்படி இல்லை, பரும்படி, தவிட்டு நிறம். கையில் தட்டிப் பார்த்தால் நகத்தளவு சோகி, உடைந்த சிப்பி. நாக்கில் வைத்தேன். “உப்பு!” என்று கத்தினேன். ஆடு பயந்து விலகியது.

தெய்வானையைக் கூப்பிட்டேன். ஊஞ்சலடியில் ஒரு சதுரம் புல்லைத் தூக்கினோம். கீழே அதே வெள்ளை மணல். புல்லோடு வந்த மண்ணில் வேர் இருந்த மட்டும் பச்சை. வேர் கீழே இறங்கித் தொட்ட இடம் கறுப்பு.

ஆற்று மணல் பரப்பச் சொல்லிக் கொடுத்த வேலை. கொந்தராத்துக்காரர் கடற்கரையில் அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். மேலேயிருந்து நன்னீர் ஊற்ற ஊற்ற, கீழேயிருந்து கடல் வேரைக் கடித்திருக்கிறது.

தெய்வானை அந்த மணலில் அப்படியே இருந்துவிட்டாள். “நான் இல்ல மாமா” என்றாள். “நான் இல்ல.” திரும்பத் திரும்ப அதையே. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நான் ஆற்றைப் பார்த்தேன். காற்றில் கண்ணுக்குள் மணல்.

ஹனீபா பள்ளிவாசலிலிருந்து வந்ததும் சொன்னேன், “இது கடல் மணல் எண்டு நான் முதல் நாளே சொன்னனான்.”

“பொய்யா! கொட்டின அண்டு கையில அள்ளி, ‘சீனி மாதிரி மணல்’ எண்டு நீதானே புகழ்ந்தாய்.”

சீனி மாதிரி என்றால் சந்தேகமாகச் சொன்னது. அவனுக்கு விளங்காது.

யூலை 12, சனி

ரி.ஓ. தம்பியும் செயலாளர் அம்மாவும் லீவு நாளென்றும் பாராமல் வந்து பார்த்தார்கள். சிப்பியைக் கையில் வைத்துப் பார்த்தார்கள். கொந்தராத்துக்காரருக்கு அங்கேயே போன் கோல். ஆற்று மணலுக்கு அனுமதி கிடைக்கவில்லை, மணல்தானே என்று நினைத்தாராம். தன் செலவில் அள்ளி, வயல் மண் போட்டுத் தருவார்.

தம்பி தெய்வானையிடம் போய், “அக்கா, நான் கதைச்சதை மனசில வைச்சிருக்காதேங்கோ” என்றார். அவள், “பரவாயில்ல சேர், தொப்பி போடுங்க” என்றாள்.

மத்தியானம் வீட்டில் நண்டுக் குழம்பு. பிலோமினா கேட்கவில்லை, நானாகவே சொன்னேன், “இண்டைக்கு உப்பு புளி எல்லாம் அந்தமாதிரி.”

அவள் கரண்டியை வைத்தாள். “இஞ்சாருங்கோ, உப்புப் போட மறந்துபோனன். இப்பத்தான் வாயில வைச்சுப் பாத்தன்.”

“உன்ர கை பட்டால் உப்பு எதுக்கு?”

சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நண்டின் காலை உடைப்பதில் மும்முரமானேன்.

யூலை 15, செவ்வாய்

மணல் அள்ளுகிறார்கள். டிராக்டர் போகிற வழியெல்லாம் ஹனீபாவின் ஆடுகள் பின்னால். கலியாண ஊர்வலம் போல.

வயல் மண் நல்ல கறுப்பு. மிஞ்சிய பச்சைப் புல்லைப் பிரித்து வைத்தோம், முளைக்கும். பாதி இடத்துக்குக் காணாது. மருதமரத்தடியில் புல் வேண்டாம், நிழலில் சனம் பாய் போட்டு இருக்கட்டும் என்று சொன்னேன். தம்பி படத்தில் குறித்துக்கொண்டார். இனி பூங்காவின் வரைபடம் போட்டவன் நான் என்று சொல்லலாம்.

யூலை 18, வெள்ளி

சிபாரிசில் கையெழுத்து விழுந்துவிட்டது. தெய்வானை நிரந்தரம். அவள் மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடி வந்து ஊஞ்சலில் ஏறி, சங்கிலி கத்தக் கத்த ஆடினாள். எண்ணெய் போட்டவன் நான்.

செயலாளர் அம்மா எல்லோருக்கும் முன்னால் சொன்னார், “இப்படி ஒரு நாக்கு எங்களிட்டை இருக்கேக்க கருவிக்கு ஏன் காத்திருக்கிறம்?” கை தட்டு. நான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தேன்.

பிறகு சொன்னார், “பள்ளிக்கூடக் கிணறுகளில உப்பு ஏறுதெண்டு முறைப்பாடு. வாற கிழமையிலயிருந்து சூசை போய்ப் பாத்துச் சொல்லுவார். அவர் நல்லதெண்டால் பிள்ளைகள் குடிக்கலாம்.”

கை தட்டு.

யூலை 19, சனி

காற்று. ஒன்றும் செய்யவில்லை.

யூலை 21, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கினது. புதுப் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டிய நாள். காலையில் ஆற்றங்கரையில் குந்தினேன். ஒரு கை அள்ளினேன். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தெய்வானை பம்பில் கை வைத்தபடி காத்திருந்தாள்.

“பிள்ளை, நான் பள்ளிக்கூடத்துக்குப் போகேலாது.”

“ஏன் மாமா?”

“சின்னப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணி.”

அவள் பம்பை விட்டுவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினாள். என் கையிலிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்தாள். பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். “நல்ல தண்ணி.”

நான் அவளையே பார்த்தேன்.

“எப்ப தெரியும்?”

“மண்ணு கொத்துனப்பவே தெரியும். ஒரு நா கடையில சீனி முடிஞ்சு போச்சு. சும்மா தேத்தண்ணிய தேன்னு சொல்லிக் குடிச்சீங்க. அன்னையிலருந்து நீங்க பாத்த பொறகு நானும் ஒரு சொட்டு வெச்சுப் பாத்துட்டுத்தான் பம்ப போடுவேன்.”

“அப்ப புல்லுப் பழுக்க முதல் நான் பாத்துச் சொன்ன தண்ணி...”

“நல்ல தண்ணிதான் மாமா. சத்தியமா.”

“இதைக் கந்தோரில சொல்லியிருக்கலாமே. உன்ர வேலை போகப் பாத்ததே!”

“சொன்னா உங்க வேலை போயிருக்குமே” என்றாள். “அதோட நீங்க சொன்னா நம்புவாங்க. நான் பாத்தேன்னு சொன்னா யாரு நம்புறது?”

ஆற்றில் கட்டை கிடந்தது. ஆம், கட்டைதான்.

நாளைக் காலை செயலாளர் அம்மாவிடம் போகிறேன். என் நாக்கைப் பற்றி அல்ல, அவள் நாக்கைப் பற்றிச் சொல்ல. என்னுடையதையும் சொல்ல வேண்டி வரும். “நானும் வாறேன் மாமா, நீங்க தனியாப் போனா கதைய மாத்திருவீங்க” என்கிறாள்.

இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். முதல் பக்கத்தில், தண்ணீர் இளநீர் போல் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். அது நான் கட்டியது. நாக்கில் வைத்தது உண்மை, ருசி பொய். கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு உப்பும் தெரியாது, சீனியும் தெரியாது. அந்த மணலில் சிப்பியைப் பார்த்துத்தான் கத்தினேன். கந்தோரில் நான் கண்டது கிளாஸை இல்லை, விளிம்பில் இருந்த தெய்வானையின் பெருவிரலை. இரண்டாம் தரம் அந்த விரல் ஒன்றிலும் இருக்கவில்லை.

பிலோமினா சாப்பிடக் கூப்பிடுகிறாள். உப்புக் காணுமோ என்று கேட்பாள்.